தோல்முட்டையும் கோழித் தீனியும்

வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழிகள் வளர்க்கும் குடும்பங்களில், முட்டை விற்ற காசு பெரும்பாலும் பெண்களின் கைச்செலவுக்கு உதவுவதாகும். அக்கோழிகளில் ஒன்று ஓடின்றிச் சவ்வு மாத்திரம் மூடிய தோல்முட்டையை இட்டுவிட்டால், அதனைத் தீராத வியாதியென்று எண்ணிக் கோழியையே குழம்புக்கு ஆக்கிவிடுவோர் உளர். பெரும்பான்மையான தருணங்களில் குற்றம் கோழியினுடையதன்று. அதற்கு இடப்படும் தீனியினுடையதேயாம்.

முட்டையோடு ஏறக்குறைய முழுவதும் சுண்ணாம்பே. நடுத்தரமான முட்டையொன்றின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் அடங்கியுள்ளது. மஞ்சட்கருவும் வெண்கருவும் சேர்ந்தபின், முட்டைக்குழலின் பிற்பகுதியில் சுமார் 20 மணி நேரம் தங்கியே ஓடு படிகிறது. அதிலும் பெரும்பகுதி இரவில் நிகழ்வது. இத்தனை சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? 100 கிராம் சோளத்திலாயினும் கம்பிலாயினும் உள்ள கால்சியம் 50 மில்லிகிராமுக்கு உட்பட்டதே. தானியங்களுள் இவ்விஷயத்தில் மேம்பட்ட கேழ்வரகிலும் 350 மில்லிகிராம் அளவே உண்டு. தவிட்டைப்பற்றியோ சொல்லவேண்டுவதில்லை, அதிலுள்ள பைட்டிக் அமிலம் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு உடம்பிற் சேரவொட்டாது தடுக்கும். ஆகவே கோழி தன் எலும்பையே கரைத்து ஓடு கட்டுகிறது. அதுவும் குறைந்தால் ஓடு மெலிந்து, பின் தோல்முட்டையாகி, முடிவில் கால் தளர்ந்து முட்டையிடுதலே நின்றுவிடும். சுவர்க்காரையை ஓயாமற் கொத்தும் கோழி சுண்ணாம்பைத் தேடுகிறதென்று அறிக.

இதற்குப் பரிகாரம் மலிவானதே. சுடாத கிளிஞ்சலை மிளகில் பாதியளவாக இடித்து, தனிச் சட்டியொன்றில் எப்பொழுதும் வைத்திருந்தால், வேண்டிய அளவைக் கோழியே தின்றுகொள்ளும். நைந்த மாவு விரைவிற் கழிந்துவிடும். நொறுக்கோ அரைவைப்பையில் தங்கி, ஓடு படியும் இரவு நேரத்திற் சிறிது சிறிதாகக் கரையும். சாயங்காலம் சட்டி காலியாயிராமற் பார்த்துக்கொள்வது நலம். நீற்றாத சுண்ணாம்பு வாயை வேகச்செய்யுமாதலால் ஆகாது. முட்டையோட்டை வறுத்து, அடையாளந் தெரியாதபடி இடித்தே போடவேண்டும். இல்லையேல் கோழி தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும். வளரும் குஞ்சுகளுக்கு இவை வேண்டா. மிகுந்த கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நாள் முழுதும் பஞ்சாரத்தின்கீழ் நிழலிற் கிடக்கும் கோழிக்கு எவ்வளவு கிளிஞ்சல் இட்டும் பயன் குறைவு. வெயில் பட்டால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி இன்றிக் கால்சியம் உடலில் ஒட்டாது. ஆயினும் கடுங்கோடையில் இளைப்பு வாங்கும் கோழி மெல்லிய ஓடிடுவது இயல்பு. அப்போது நிழலும் குளிர்ந்த நீருமே தேவை.

இளம் பெட்டை இரட்டைக்கரு முட்டையிடுவது பற்றிக் கவலை வேண்டுவதில்லை. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு மிகுதியாகத் தின்ற கோழியின் முட்டையை வைத்திருந்து உடைத்தால் மஞ்சட்கரு பாசிநிறமாக இருக்கக்கூடும். பிண்ணாக்கை மாற்றுதல் போதும்.

பல கோழிகள் ஒரேவேளையில் தோல்முட்டையிட்டு, மூச்சுத்திணறிப் பச்சையாகக் கழியுமாயின், ராணிக்கெட் நோயென்று சந்தேகிக்கவேண்டும். அதற்குக் கிளிஞ்சல் மருந்தாகாது. நோயுற்றவற்றைப் பிரித்துவைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். எஞ்சிய மந்தையையும் அண்டைவீட்டுக் கோழிகளையும் காக்கும் தடுப்பூசியைப்பற்றி அவரே சொல்லுவார்.