வானம் பார்த்த பூமியும் பூமியில்லா வானமும்

விருதுநகர் மாவட்டத்தை வானம் பார்த்த பூமி என்பர். மழை குறைந்த இவ்வறண்ட சூழலே சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றத் துணைநின்றது. அதே வறட்சி ஓர் இடரையும் உடன் கொணர்ந்தது. பொருள்கள் ஒன்றோடொன்று உராயும்பொழுது தோன்றும் நிலைமின்னூட்டம், உலர்ந்த காற்றில் எளிதில் கசிந்து போவதில்லை. நைலான் ஆடையில் பிறக்கும் சிறுபொறி நம் விரலைச் சுண்டுவதோடு நின்றுவிடும். அலுமினியத் தூள் கலந்த வெடிமருந்தின் அருகில் அதே பொறி உயிர்களைக் குடிக்கும்.

ஆதலின்தான் மருந்து கலக்கும் அறைக்குள் புகுவோர் பருத்தி ஆடையே அணிதல் வேண்டும். மண்ணோடு கம்பியால் இணைக்கப்பெற்ற உலோகத் தகட்டைத் தொட்ட பின்னரே உட்செல்லுதல் வேண்டும். உடலில் தேங்கிய மின்னூட்டம் அத்தகட்டின் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். 'எர்த்' என நாம் வழங்கும் புவியிணைப்பு இதுவே.

தொடுவதற்கு மண்ணே இல்லாத இடத்தில் என்ன செய்வது? விண்கலம் அமைப்போர் எதிர்கொண்ட வினா இது.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் நம் நாட்டின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியை வழங்கியது ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள். ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் இயங்கிய அக்கோள், புவியின் நிழலுக்குள் புகுந்த சில வேளைகளில் 10,000 வோல்ட்டைக் கடந்த எதிர்மின்னழுத்தம் பெற்றதை அதிலிருந்த கருவிகளே காட்டின.

காரணம் யாது? காந்தப்புயல் வீசுங்கால் மிகுவேக எலெக்ட்ரான்கள் கலத்தின் மேற்பரப்பில் வந்து படிகின்றன. வெயிற்படும் பக்கத்தில், கதிரொளியே எலெக்ட்ரான்களை வெளியேற்றிவிடும். நிழற்பக்கத்தில் அவை தேங்கும். மின்கடத்தாப் பரப்புகளில் இவ்வாறு ஓரிடத்திற்கும் மற்றோரிடத்திற்கும் அழுத்த வேறுபாடு மிகும்பொழுது பொறி பாய்கிறது. அதன் அதிர்வைக் கலத்தின் மின்னணுச் சுற்றுகள் பொய்க்கட்டளையாகக் கொள்ளக்கூடும். சூரியத் தகடுகளும் பழுதாகக்கூடும்.

இங்கே தீர்வு, எல்லாப் பகுதிகளையும் ஒரே மின்னழுத்தத்தில் நிறுத்துவது. கலத்தின் உலோகப் பகுதிகள் அனைத்தும் உடற்சட்டத்தோடு இணைக்கப்பெறும். போர்வையாக அமையும் படலத்தில் கரி கலப்பர். சூரியத் தகட்டின் கண்ணாடிமீது, ஒளியை மறைக்காமல் மின்னைக் கடத்தும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடை மென்படலமாகப் பூசுவர். பன்னாட்டு விண்வெளி நிலையத்திலோ, செனான் வாயுவை மின்னேற்றி வெளிவிட்டு மிகுதி எலெக்ட்ரான்களைப் போக்கும் கருவி ஒன்று உண்டு. வெளியே சென்று பணிபுரியும் வீரரின் உயிர்க்கும் அது காவல்.

மண்ணில்லாத வானில் இத்துணை முயற்சி தேவைப்படுகிறது. நமக்கோ காலடியில் மண் இருக்கிறது. ஆயினும் காய்ந்த மண் மின்னை நன்கு கடத்தாது. கரியும் உப்பும் இட்ட புவியிணைப்புக் குழிக்குக் கோடையில் நீர் ஊற்றத் தவறினால், வாயிலில் உள்ள தகடு வெறும் தகடே. கம்பி அறுந்திருப்பினும் அவ்வாறே. தகட்டைத் தொடுவது சடங்கன்று, அது உயிர்க்காப்பு. மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்தில் பட்டாசுத் தொழிலுக்குச் செல்வோர் இருப்பின், இதனை இன்றே எடுத்துச் சொல்லுங்கள்.