தீனிப்பெட்டியை இறக்கும் காலம்

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலே, புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் மேட்டுநிலத்தில் புளொய்ட் என்றொரு சிற்றூர் உண்டு. ஊரின் குடித்தொகை ஏறக்குறைய 450. அவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்ட கவுண்டி முழுவதற்குமே வீதிச் சமிக்ஞை விளக்கு ஒன்றே ஒன்றுதான். ஒக்டோபர் மாதத்தின் நடுப்பகுதியில் அங்கே மேப்பிள் மரங்கள் சிவந்து, ஹிக்கரி மரங்கள் பொன்னிறமாகி நிற்கும். வெள்ளிக்கிழமை மாலையானதும் மலைப்பாதைகளிலிருந்து வாகனங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. வயலின், பஞ்சோ, கிற்றார், மெண்டலின் என்று பெட்டிகளைச் சுமந்தபடி வயோதிபரும் வாலிபரும் பழைய கடையொன்றை நோக்கி நடக்கின்றனர்.

புளொய்ட் கன்ட்ரி ஸ்டோர் என்பது அக்கடையின் பெயர். 1980களில் நண்பர்கள் சிலர், வேலை முடிந்த பின்னர் மூடிய கடைக்குள் இருந்து வாசித்துப் பழகினர். வீதியால் சென்றவர்கள் கதவைத் தட்டினர், கதவு திறக்கப்பட்டது. வாராந்த இசைக்கூடல் இப்படித்தான் பிறந்தது. இன்று அதற்கென்றே தூர தேசங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஆயினும் மாலையின் முதல் மணித்தியாலம் நற்செய்திப் பாடல்களுக்கே உரியது. நடன இசையும், அடிப்பாகத்தில் தகடு பொருத்திய காலணிகள் பலகைத் தளத்தில் எழுப்பும் தாளமும் அதன் பின்னரே.

இதிலே ஒரு விந்தை உண்டு. அம்மலைநாட்டின் பழைய பக்தர்களுள் பலர் வயலினைச் சாத்தானின் பெட்டி என்று வெறுத்து ஒதுக்கியவர்கள். அப்பகுதியின் பழைமைப் பற்றுள்ள பப்திஸ்து சபைகள் சில இன்றுவரை எந்த வாத்தியமும் இன்றி, வெறுங் குரலாலேயே ஆராதனைப் பாடல்களைப் பாடுகின்றன. அவர்களது வைராக்கியத்தை நாம் இகழ வேண்டியதில்லை. எனினும், வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அதே வயலின் இன்று நற்செய்திப் பாடலுக்கு முன்னிசை வாசிப்பதைக் காண்கையில் மனம் ஒருவிதமாக நெகிழவே செய்கிறது.

பஞ்சோவின் கதையோ நெகிழ்ச்சியோடு வெட்கத்தையும் தருவது. வயலின் ஐரோப்பியக் குடியேறிகளுடன் வந்தது. பஞ்சோவோ ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் நினைவிலே கடல் கடந்தது. வேர்ஜீனியாவைக் குறித்துத் தாம் எழுதி 1785இல் வெளியான நூலில், தோமஸ் ஜெபர்சன் அவ்வாத்தியம் ஆபிரிக்காவிலிருந்து வந்ததென்று குறித்திருக்கிறார். அவரும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரே. தேவாலயத்திற்குள்ளும் வெள்ளையரோடு சரியாசனம் மறுக்கப்பட்டிருந்த மக்களின் கைவாத்தியம், இன்று அம்மலைநாட்டின் அடையாளமாகவே கொண்டாடப்படுகிறது.

கடையின் உள்ளே மேடை உண்டு. ஆனால் வானிலை இடங்கொடுக்கும் மாலைகளில் உண்மையான வகுப்பு நடைபாதையிலேதான் நடைபெறுகிறது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அமர்கின்றனர். பழைய இசை மரபில் தனி ஆவர்த்தனம் என்று பெரிதாக எதுவுமில்லை. எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாக, மறுபடியும் மறுபடியுமாகப் பத்துத் தடவை, பதினைந்து தடவை வாசிக்கின்றனர். புதியவர் வெளிவட்டத்தில் அமர்ந்து, மெட்டு விரலில் ஏறும்வரை மெதுவாகத் தொடர்கிறார். பிழை விட்டாலும் மற்றவர்களின் ஒலி அதை மூடிக்கொள்கிறது. எப்போது நிறுத்துவது? பாட்டை ஆரம்பித்தவர் ஒரு காலைச் சற்றே உயர்த்துவார். இதுவே கடைசிச் சுற்று என்பது அதன் பொருள். வாயால் எதுவும் சொல்லப்படுவதில்லை.

இத்தகைய மண்ணிலிருந்துதான் வெய்ன் ஹெண்டர்சன் போன்றோர் எழுகின்றனர். அதே மலைத்தொடரின் மேற்கே, ரக்பி என்னும் குக்கிராமத்தில் தபாற்காரராகப் பணியாற்றிக்கொண்டே கிற்றார்களைக் கையாற் செய்தவர் அவர். உலகப் புகழ்பெற்ற எரிக் கிளப்டன் ஒரு கிற்றார் கேட்டார்; அது அவர் கைக்குக் கிடைக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் சென்றன.

இசை முடிந்து மக்கள் வீடு திரும்புகின்றனர். சனிக்கிழமை காலை. இலையுதிர்கால வேலைகள் பல காத்திருக்கின்றன. சபைகள் சிலவற்றின் முற்றங்களிலே பெரிய செப்புக் கிடாரங்களில் அப்பிள் பட்டர் கொதிக்கிறது. பெயரில் வெண்ணெய் இருந்தாலும் அதில் வெண்ணெய் துளியும் இல்லை. அப்பிளை நாள் முழுவதும் நீண்ட மரத்துடுப்பினாற் கிண்டிக் கிண்டிக் கருஞ்சிவப்பாகக் குறுக்கி எடுப்பது அது. துடுப்பு கைமாறும், கதையும் கைமாறும். வீட்டின் பின்முற்றத்திலோ வேறொரு கடமை. கம்பியில் தொங்கும் பெட்டியில் சூரியகாந்தி விதையை நிரப்ப வேண்டும்.

வீட்டைச் சுற்றியுள்ள காட்டுயிர்களுக்கு உணவிடுவோர் அமெரிக்காவில் ஐந்து கோடிக்கும் மேற்பட்டவர்கள். அவர்களது முற்றத்துக்கு வரும் விருந்தினர் விதவிதமானவர்கள். வேர்ஜீனியாவின் மாநிலப் பறவையான கார்டினல், கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால்கள் அணியும் சிவப்பு அங்கியினாலேயே பெயர் பெற்றது. அது குளிருக்கு அஞ்சி ஓடாமல் ஊரோடேயே இருந்துவிடும். நீல ஜே பறவை ஓக் மரக் கொட்டைகளைத் தூக்கிச் சென்று மண்ணில் புதைக்கும். அது மறந்துவிட்டவை பின்னர் மரங்களாகின்றன. பத்துப் பன்னிரண்டு கிராம் மாத்திரமே நிறையுள்ள சிக்கடீ என்னும் சிறு பறவை ஒரேயொரு விதையை எடுத்துக்கொண்டு பறந்துவிடும். அதை ஒரு பட்டையிடுக்கில் ஒளித்துவைத்து, அடுத்த விதைக்காக மறுபடி வரும். ஒவ்வொரு விதைக்கும் ஓரிடம். பல நாட்கள் கழிந்த பின்னும் அவ்விடங்களை அது நினைவில் வைத்திருக்கிறது.

முதியவர்களுக்கும், பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்ட பெற்றோருக்கும் இந்தத் தீனிப்பெட்டி வெறும் பொழுதுபோக்கு அன்று. சமையலறை யன்னலுக்கு அப்பால் தம்மை நாடி வரும் உயிர்கள் சில உண்டு என்பதே அவர்களுக்கு ஆறுதல். ஆகையால்தான் அதனைக் கழற்றி வையுங்கள் என்று வனவிலங்கு அதிகாரிகள் சொல்லும்போது அவர்களது முகம் வாடிப்போகிறது.

ஏன் கழற்ற வேண்டும்? கரடி வருகிறது.

இலையுதிர்காலத்தில் கறுப்புக் கரடி தீராப் பசியோடு அலைகிறது. குளிர்காலம் முழுவதும் உண்ணாமல் முடங்கிக் கிடப்பதற்கான கொழுப்பை இப்போதே சேர்த்தாக வேண்டும். நாளொன்றுக்கு 20,000 கலோரி வரையும் அது தேடி உண்ணும். முன்னொரு காலத்தில் அம்மலைகள் அதற்குக் குறைவின்றி உணவளித்தன. அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்கள் இலையுதிர்காலம் தோறும் தவறாது கொட்டைகளைச் சொரிந்தன. மனிதர் அவற்றைப் பொறுக்கி, மூட்டைகளாகக் கடைகளிற் கொடுத்துப் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கினர். பன்றிகள் அவற்றைத் தின்று கொழுத்தன. கரடிகளும் அவ்வாறே. 1904ஆம் ஆண்டு நியூயோர்க்கில் பூஞ்சண நோயொன்று கண்டறியப்பட்டது. வெளிநாட்டு மரக்கன்றுகளுடன் வந்து சேர்ந்த நோய் அது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் முந்நூறு, நானூறு கோடி செஸ்ட்நட் மரங்கள் மாண்டன. இன்று கரடி ஓக் கொட்டைகளையே நம்பியிருக்கிறது. ஓக் மரமோ ஓராண்டு வாரி வழங்கும், மறு ஆண்டு கையை விரிக்கும். கையை விரித்த ஆண்டுகளிலே, ஒரு மைலுக்கு அப்பாலிருந்தே விதையை மோப்பம் பிடித்துக் கரடி முற்றத்துக்கு வந்துவிடுகிறது. அதனைக் குற்றஞ்சாட்ட நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஒரு பெட்டி விதையில் பல்லாயிரங் கலோரி உண்டு. ஒரே இரவில் அதைக் காலி செய்த கரடி அவ்விடத்தை மறப்பதில்லை. மனிதரைப் பற்றிய அச்சம் அதற்குக் குறைகிறது. பிறகு குப்பைத் தொட்டி, கோழிக்கூடு, சமையலறைக் கதவு. முடிவிலே, மனிதருக்கு ஆபத்தென்று கருதப்பட்டு அது கொல்லப்படுகிறது. தீனி கொடுத்த கையே அதற்குக் காரணமாகிவிடுகிறது. எனவே வேர்ஜீனியாவில் கரடிக்கு உணவிடுவது சட்டவிரோதம். தெரிந்து இட்டாலும் குற்றம். பறவைக்கென்று வைத்ததைக் கரடி வந்து தின்னப் பார்த்துக்கொண்டிருந்தாலும் குற்றம். மான்களுக்கும் செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து ஜனவரி மாத முதற் சனிக்கிழமை வரை எங்கும் தீனியிடலாகாது. நோய் பரவிய பகுதிகளிலோ ஆண்டு முழுவதுமே தடை. கூட்டமாக ஓரிடத்தில் வாய் வைக்கும் மான்களிடையே, மூளையை அரிக்கும் தீராநோயொன்று பரவுகிறது.

ஒக்டோபர் 4ஆம் திகதி அசிசி நகரின் புனித பிரான்சிஸின் நினைவுநாள். அதையொட்டி அந்நாட்டின் தேவாலயங்கள் பலவற்றில் நாய்களும் பூனைகளும் ஆசீர்வதிக்கப்படுகின்றன. தோளிலே பறவை அமர்ந்த அப்புனிதரின் சிறு சிலையைப் பல வீட்டு முற்றங்களிலே, தீனிப்பெட்டிக்கு அருகிலேயே காணலாம். அந்தச் சிலை நிற்கும் முற்றத்திலேயே, அந்த மாதத்திலேயே பெட்டியை இறக்கவும் வேண்டியிருக்கிறது. காலையில் வழக்கம்போல் வந்து, வெறுங் கம்பியைச் சுற்றிப் பறக்கும் சிக்கடீயைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருப்பது எளிதன்று. கொடுப்பது நமக்கு இன்பம் தருவது. அந்த இன்பத்தைக் கைவிடுவதும் கொடுப்பதுதானா என்று அக்காலைப் பொழுதிலே ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ளாதிருக்க முடியாது.

சரி, அந்தப் பறவை பட்டினியாற் சாகுமா? விஸ்கொன்சின் மாநிலத்தில் 1980களில் ஆய்வாளர் இருவர் இதைத்தான் ஆராய்ந்தனர். தீனிப்பெட்டி கிடைக்கும் இடங்களிலும் சிக்கடீ தன் அன்றாடத் தேவையில் ஏறக்குறைய 21 வீதத்தையே அதிலிருந்து பெற்றது. எஞ்சியதைக் காட்டிலேயே தேடிக்கொண்டது. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தீனி வைக்கப்பட்ட இடத்தில் பெட்டிகளை அகற்றியபோதும், பறவைகள் மற்ற இடத்துப் பறவைகளைப் போலவே குளிரைக் கடந்து பிழைத்தன. ஆனால் கடுங்குளிர் தாக்கிய மாதங்களில் நிலைமை வேறு. பெட்டி உள்ள இடங்களில் உயிர் தப்பியவை மற்ற இடங்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகம். நாம் இல்லாவிட்டால் அவை அழிந்துபோகும் என்பது நமது பெருமை. ஆயினும் நமது கைப்பிடி விதை வீண் என்பதும் உண்மையன்று. கரடி குகை புகுந்து, பனி மூடிய பின்னர் தொங்கவிடும் பெட்டிக்கே அதிக பயன்.

இறக்கிய பெட்டியைக் கழுவுவது இன்னொரு வேலை. 1994ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள முற்றங்களிலே, கண்கள் வீங்கி மூடிய நிலையில் ஹவுஸ் பிஞ்ச் எனப்படும் சிறு குருவிகள் முதன்முதலாகக் காணப்பட்டன. கோழிகளைத் தாக்கும் நுண்ணுயிர் ஒன்று, ஒரே பெட்டியில் மாறிமாறி அலகு வைத்த குருவிகளிடையே பரவியிருந்தது. பெட்டியை வெளுக்குந் திரவத்தில் தோய்த்து, அலசி, முற்றாகக் காயவைக்காதவர் தீனியோடு நோயையும் பரிமாறுகிறார். 2021ஆம் ஆண்டின் கோடையில், இனந்தெரியாத வேறொரு நோயினாற் பறவைகள் மடிந்தபோது, வேர்ஜீனியா உட்படப் பல மாநிலங்களில் தீனியிடுவதையே சில காலம் நிறுத்தும்படி மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

சிறியதோர் ஆறுதலும் உண்டு. மூன்று கிராம் நிறையுள்ள ஓசனிச்சிட்டுக்கென்று சீனித் தண்ணீர் வைப்பவர்கள், செப்டெம்பரில் அதை எடுக்காவிட்டால் அது தெற்கே போகாமல் நின்றுவிடுமோ என்று அஞ்சுவர். அந்த அச்சம் தேவையற்றது. பகற்பொழுது குறுகுவதை உணர்ந்தே அது புறப்படுகிறது. நிறையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக்கொண்டு, அவற்றுட் பல மெக்சிக்கோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடக்கின்றன. ஒரு பங்கு சீனிக்கு நான்கு பங்கு தண்ணீர். வேறெதுவும் கலக்க வேண்டியதில்லை. கரடி நடமாடாத முற்றமாயின், தாமதமாக வரும் ஒரு பயணிக்காக அதை இன்னும் சில நாட்கள் விட்டுவைக்கலாம்.

மலைப்பிரசங்கத்திலே நமதாண்டவர் ஆகாயத்துப் பறவைகளைக் கவனிக்கச் சொன்னார். அவற்றுக்குத் தீனியிடும்படி அவர் அங்கே கட்டளையிடவில்லை, கவனிக்கவே சொன்னார். கேரீத் ஆற்றண்டையில் பஞ்ச காலத்திலே எலியாவுக்கு உணவு சுமந்து சென்றதோ காகம். ஊட்டுபவர் யார், ஊட்டப்படுபவர் யார் என்பது நாம் எண்ணுவதைப்போல் அவ்வளவு தெளிவானதன்று.

மறுபடியும் வெள்ளிக்கிழமை வருகிறது. புளொய்டில் இலைகள் பாதி உதிர்ந்துவிட்டன. கழுவிக் காய்ந்த பெட்டிகள் கொட்டில்களிலே தலைகீழாகக் கிடக்கின்றன. கடையின் வெளியே குளிருக்குக் கம்பளிச் சட்டை அணிந்த ஏழெட்டுப் பேர் வட்டமாக அமர்ந்திருக்கின்றனர். ஒரு மெட்டு பன்னிரண்டாவது தடவையாகச் சுற்றி வருகிறது. வெளிவட்டத்திலே புதிதாக வந்த சிறுமி ஒருத்திக்கு அது இப்போதுதான் விரலிற் பிடிபடுகிறது. அவளது முகத்தில் மலர்ச்சி. வயலின் வாசிக்கும் முதியவர் அவளை ஒருமுறை பார்க்கிறார். உயர்த்தப்போன காலை மீண்டும் தரையில் ஊன்றி, இன்னும் ஒரு சுற்று வாசிக்கிறார். அதன் பின்னரே காலை உயர்த்துகிறார்.