பக்கத்தில் பேசும் லேபிள், தூரத்தில் பேசுமா?

புதிதாக வாங்கிய டி-ஷர்ட்டின் ஹேங்டேக்கைக் கிழித்துக் குப்பையில் போடுவதற்கு முன், ஜன்னலுக்கு நேராக ஒருமுறை பிடித்துப் பாருங்கள். பெரிய வெளிநாட்டு பிராண்டாக இருந்தால் அட்டைக்குள் மெல்லிய கோடுகள் நிழலாகத் தெரிய வாய்ப்பு அதிகம். நடுவில் ஒரு சின்ன வளையம். அதன் இரண்டு பக்கமும் மடங்கி மடங்கிப் போகும் அலுமினியக் கோடு. வளையத்தின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி, சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதுதான் சிப். பேட்டரி எதுவும் கிடையாது. கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகும் இதே இனம்தான். இரண்டும் ஒரே சர்வதேசத் தரத்தில் பேசுகின்றன.

இதற்குப் பெயர் ஆர்எஃப்ஐடி டேக். பார்கோடை ஒவ்வொன்றாக ஸ்கேனருக்குக் காட்ட வேண்டும். இதற்கு அந்தத் தேவை இல்லை. டெக்காத்லான் கடையில் வாங்கிய சாமான்களைப் பெட்டிக்குள் மொத்தமாகப் போட்டதும் பில் திரையில் வந்துவிடுவது இதனால்தான். வசதி கடைக்காரருக்கு. அந்த வசதிக்கான பாடு வேறு இடத்தில்: திருப்பூர் போன்ற ஊர்களின் லேபிள் யூனிட்டிலும் பேக்கிங் ஹாலிலும். அங்கே ‘இந்த டேக் வேலை செய்கிறதா?’ என்று கேட்டால், விவரம் தெரிந்தவர் உடனே பதில் சொல்ல மாட்டார். ‘எவ்வளவு தூரத்தில், எதன் மேல் ஒட்டி?’ என்று திருப்பிக் கேட்பார்.

அந்தக் கேள்வியின் காரணம் டேக் பேசும் விதத்தில் இருக்கிறது. ரீடர் என்ற கருவி வானொலி அலையை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். டேக்கின் ஆன்டெனா அதில் கொஞ்சத்தைப் பிடித்துச் சிப்பை விழிக்க வைக்கும். விழித்த சிப் சொந்தமாக அலை எதையும் உண்டாக்குவதில்லை. ஆன்டெனாவோடு தனக்குள்ள மின் இணைப்பை மாற்றி மாற்றி, வந்த அலை திரும்பிப் போகும் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. கைக்கண்ணாடியை ஆட்டி எதிர்வீட்டுச் சுவரில் வெயில் அடிக்கிற பையன் செய்வதும் இதுதான்: வெளிச்சம் சூரியனுடையது, ஆட்டம் மட்டும் அவனுடையது. ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர் திரும்பி வரும் அலையிலேயே செய்தி அனுப்பலாம் என்று 1948-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார். அதைச் சில ரூபாய் லேபிளுக்குள் அடக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

கணக்குப் போட்டால் எவ்வளவு சன்னமான பேச்சு இது என்று தெரியும். ரீடரிலிருந்து 4 வாட் வீச்சில் புறப்படும் அலை, திறந்தவெளியில் 5 மீட்டர் கடந்து டேக்கை எட்டும்போது கிடைப்பது ஒரு வாட்டில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நல்ல சிப் விழிக்க அதிலும் பத்தில் ஒரு பங்கு போதும். உபரி அவ்வளவுதான். ஆன்டெனாவில் ஒரு கீறல், சிப்பின் ஒட்டில் ஒரு விரிசல், பக்கத்தில் ஒரு ஜிப்பர் என்று ஏதாவது ஒன்று வந்தால் அந்த உபரி கரைந்துவிடும்.

இந்தத் தொழிலுக்கு ஒழுங்கு வந்தது அமெரிக்காவில். 1999-ல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆட்டோ-ஐடி மையத்தில் கெவின் ஆஷ்டன், சஞ்சய் சர்மா, டேவிட் பிராக் முதலானோர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சிப்பில் எண் மட்டும் இருக்கட்டும், விலை, நிறம், தயாரித்த தேதி எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். சிப் சின்னதானது, விலையும் இறங்கியது. 2003-ல் வால்மார்ட் தன் முதல் நூறு சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் டேக் ஒட்ட வேண்டும் என்றது. அவசர ஆணை; எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. தண்ணீர் பாட்டிலும் தகர டப்பாவும் வானொலி அலைக்கு ஆகாதவை. துணி ஆகும். அதனால் டேக் ஜவுளிக்குள் நுழைந்து நிலைத்தது. ஜாராவின் தாய் நிறுவனமான இன்டிடெக்ஸ் 2014 வாக்கில் பெரிய அளவில் இறங்கியது. 2022-ல் வால்மார்ட் மறுபடி வந்து, வீட்டு உபயோகப் பொருள்களுக்கும் டேக் கேட்டது. வீட்டுத் துணிக்குப் பேர்போன கரூர் கவனிக்க வேண்டிய செய்தி அது.

சரி, எண். ஆடைகளில் வழக்கமாக எழுதுவது 96 பிட் எண். முதல் 8 பிட் இது எந்த வகை எண் என்று சொல்லும். நடுவில் 44 பிட் கம்பெனியையும் பொருளையும் குறிக்கும்; பார்கோடில் இருக்கும் அதே விவரம்தான். கடைசி 38 பிட் வரிசை எண். அதில் 27 ஆயிரம் கோடிக்கு மேல் எண்கள் உண்டு. ஆகவே நீல நிற எம் சைஸ் டி-ஷர்ட் லட்சம் தைத்தாலும் ஒவ்வொரு பீஸுக்கும் தனி எண். பார்கோடால் முடியாத காரியம் இது.

எண் தீராது, ஆனால் இரட்டிக்கும். ஒரே ஆர்டரை இரண்டு பிரிண்டர்களில் பிரித்துப் போட்டு, இரண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால், ஒரே எண்ணோடு இரண்டு சட்டைகள் பிறக்கும். கடையின் கணக்கில் அவை ஒன்றே. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு சிப்பிலும் தயாரித்த இடத்திலேயே அழிக்க முடியாத ஒரு பிறவி எண் பொறித்திருக்கும். வரிசை எண்ணை அதிலிருந்தே எடுத்துக்கொண்டால் எந்தப் பிரிண்டர் எங்கே ஓடினாலும் மோதாது.

இனி பிரிண்டர். வெளித்தோற்றத்தில் சாதாரண பார்கோடு பிரிண்டர்தான். மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் லேபிள் ரோல், மேலே ரிப்பன். இரண்டும் ரப்பர் உருளைக்கும் பிரிண்ட் ஹெட்டுக்கும் நடுவே சேர்ந்து நகரும். ஹெட்டில் மில்லிமீட்டருக்கு 8 அல்லது 12 என்ற கணக்கில் நுண்ணிய சூட்டுப் புள்ளிகள். எது சூடாகிறதோ அந்த இடத்தில் ரிப்பன் மை உருகி லேபிளில் ஒட்டும். ஆர்எஃப்ஐடி பிரிண்டரில் கூடுதலாக, ஹெட்டுக்குச் சற்று முன்னால், லேபிள் போகும் வழியில் கையடக்கமான ஒரு ஆன்டெனா. லேபிள் அதன் மேல் வந்ததும் பிரிண்டர் சிப்பின் பிறவி எண்ணைக் கேட்கும், புது எண்ணை எழுதும், எழுதியதைத் திரும்பப் படிக்கும், பிறகு முகப்பை அச்சடிக்கும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். படித்தது பொருந்தவில்லை என்றால் அந்த லேபிளின் குறுக்கே ‘வாய்ட்’ என்று பெரிதாக அடித்துத் தள்ளிவிட்டு, வரிசை எண் பிறவி எண்ணிலிருந்து எடுக்கப்படாததாக இருந்தால், அதே எண்ணை அடுத்த லேபிளில் எழுதும்.

கேட்க எளிது. சிக்கல் பக்கத்து லேபிளில் இருக்கிறது. ரோலில் டேக்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன. வானொலி அலைக்கு வேலி கிடையாது. அதனால் புது ரோல் மாட்டியதும் பிரிண்டரைக் கேலிபரேட் செய்ய வேண்டும். அப்போது அது லேபிளை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, சக்தியைக் கூட்டிக் குறைத்து, எந்த இடத்தில் எவ்வளவு சக்தியில் ஒரே ஒரு டேக் மட்டும் பதில் சொல்கிறது என்று தேடும். அந்த இடத்தையும் அளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டு ரோல்கள் மேலே பார்க்க அச்சாக ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே ஆன்டெனா வேறாக இருக்கலாம். ரோலை மாற்றிவிட்டு கேலிபரேஷனை விட்டுவிட்டால், பிரிண்டர் இந்த லேபிளில் அச்சடித்துக்கொண்டே அடுத்து வரப்போகும் லேபிளில் எண்ணை எழுதிவிடக்கூடும். முதல் லேபிள் வெறுமையாகப் போகும். அதன் பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் முந்தையதன் எண். இதில் கொடுமை, உடனே வெளியே தெரியாது. எல்லாம் எம் சைஸாக இருக்கும்வரை எண்ணும் எம், அட்டையும் எம். சைஸ் மாறும் இடத்தில்தான் மாட்டும்: எல் என்று அச்சடித்த முதல் அட்டைக்குள் எம் என்ற எண் இருக்கும். சைஸ் மாறும் இடத்து லேபிளைக் கையில் எடுத்து ரீடரில் காட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ள ஆபரேட்டரை எந்த முதலாளியும் விடக் கூடாது.

அச்சும் சிப்பும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்பதையும் சொல்ல வேண்டும். சிப் இருக்கும் இடம் லேசாகப் புடைத்திருக்கும். ஹெட் அதன் மேல் ஏறி இறங்கும்போது மை சரியாக ஒட்டாமல் ஒரு வெள்ளைத் திட்டு விழும். பார்கோடு அந்த இடத்தில் வந்தால் ஸ்கேனர் திணறும். ஹெட்டின் அழுத்தம் அதிகமானால் சிப்பே நொறுங்கலாம். ஆகவே சிப் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டுத்தான் முகப்பை வடிவமைக்க வேண்டும். டிசைனர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. லோகோவைச் சரியாக அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறார்கள். வேகமாக உரசி ஓடும் ரிப்பனும் லேபிளும் நிலைமின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ளும். அது பாய்ந்தாலும் சிப் போய்விடும். ரோலை மிகச் சிறிய உருளையில் இறுக்கிச் சுற்றினாலும் சிப்பின் ஒட்டு விரிசல் விடும்.

அந்த விரிசல்தான் ‘எவ்வளவு தூரத்தில்?’ என்ற கேள்வியின் மையம். ஒட்டு பாதி விட்ட டேக் செத்த டேக் அல்ல, பலவீனமான டேக். பிரிண்டரின் ஆன்டெனா அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் சிப்பைச் சுற்றிய அந்தச் சின்ன வளையத்தோடுதான். இரண்டு பக்கத்துக் கோடுகள் நன்றாக இருக்கின்றனவா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. எழுதியது, படித்தது, ‘பாஸ்’ என்றது. அதே லேபிள் மூன்று மீட்டர் தள்ளி, கார்ட்டனுக்குள் இருக்கும்போது மௌனமாக இருக்கும். பிரிண்டர் ‘பாஸ்’ என்று சொன்னதை டெஸ்ட் ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தப்பு.

நிஜமான சோதனைக்கு ஒரு பெட்டி வேண்டும். உள்ளே சுவரெங்கும் கரி கலந்த நுரைக் கூம்புகள். வெளி அலை உள்ளே வராது, உள் அலை சுவரில் பட்டுத் திரும்பாது. நடுவில் டேக்கை வைத்து, 800 மெகாஹெர்ட்ஸ் முதல் 1000 வரை ஒவ்வொரு அலைவரிசையாகப் போவார்கள். ஒவ்வொன்றிலும் சக்தியை மெல்ல மெல்லக் கூட்டி, டேக் முதன்முதலாக எப்போது வாய் திறக்கிறது என்று குறிப்பார்கள். புள்ளிகளை இணைத்தால் ஒரு பள்ளம் தெரியும். பள்ளத்தின் அடி எந்த அலைவரிசையோ, அங்கேதான் இந்த டேக் மிகக் குறைந்த சக்தியில் பேசுகிறது. இப்போது அதே டேக்கை மடித்த ஜீன்ஸின் மேல் ஒட்டி மறுபடி அளந்தால் பள்ளம் இடப்பக்கம், அதாவது குறைந்த அலைவரிசைக்கு, நகர்ந்திருக்கும். துணியும் அட்டையும் ஆன்டெனாவை அப்படி இழுக்கும். ஆகவே நல்ல டேக்கை வெறும் காற்றில் கொஞ்சம் மேலே தள்ளியே வடிவமைப்பார்கள். பொருளில் ஒட்டியதும் இறங்கி வந்து சரியான இடத்தில் நிற்கும். கையில் தூக்கிப் பிடித்து ரீடரில் காட்டி ‘சூப்பர்’ என்பது எந்தச் சோதனையும் ஆகாது.

நம் ஊருக்கு இதில் தனியாக ஒரு தொல்லை. இந்தியாவில் 865-867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் அனுமதி வந்தது; ஐரோப்பாவின் வரம்பும் ஏறக்குறைய இதேதான். அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. அந்த ரீடரை இங்கே வெளியில் ஓட்ட முடியாது. அந்த அலைவரிசை வரம்பில் ஒரு பகுதி நம் செல்போன்களுக்குக் கொடுக்கப்பட்டது. எனவே அமெரிக்க ஆர்டருக்கான டேக்கைத் திருப்பூர் பேக்கிங் ஹாலின் ரீடரில் படித்துப் பார்த்தால், அது சிகாகோ கிடங்கில் படியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூடிய பெட்டிக்குள் எடுத்த வரைபடம்தான் அதைச் சொல்லும். பையர்கள் இதற்காகவே ஏற்கப்பட்ட டேக் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆர்எஃப்ஐடி ஆய்வகம் டேக்குகளைப் பல பொருள்களின் மேல், பல கோணங்களில் அளந்து தரம் பிரிக்கிறது. 2005-ல் அர்கான்ஸா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2014-ல் ஆபர்னுக்கு இடம் மாறிய ஆய்வகம் அது.

கடைசிச் சோதனை கார்ட்டன். பேக் செய்த பெட்டி ஒரு சுரங்கம் போன்ற ரீடருக்குள் போய் வரும். ரீடர் ஒரு எண் வரம்பை அறிவிக்கும். ஒவ்வொரு டேக்கும் அதற்குள் ஒன்றைத் தானாகத் தேர்ந்து, தன் முறை வரும்வரை காத்திருந்து பேசும். இரண்டு ஒரே நேரத்தில் பேசி மோதினால் அடுத்த சுற்று. இப்படி நூறு பீஸ் சில விநாடியில் முடிந்துவிடும். நாற்பது பீஸ் போட்ட பெட்டியில் 38 வந்தால் முதலில் டேக்கைச் சந்தேகிக்க வேண்டாம். ஹேங்டேக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக அச்சுப் பிசகாமல் அடுக்கியிருந்தால் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று அமுக்கிவிடும். மடிப்பை ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி வைத்தால் சரியாகலாம். 41 வந்தால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் சுற்றிலும் பார்க்க வேண்டும். பக்கத்து மேசையில் யாராவது பாதி ரோலை வைத்திருப்பார்கள், அல்லது வாய்ட் லேபிள்களை அள்ளிக் கீழே போட்டிருப்பார்கள்.

வாய்ட் அடித்ததாலேயே அந்த லேபிள் ஊமையாகிவிடாது. எழுதி, திரும்பப் படிக்கும்போது மட்டும் தவறியதாக இருந்தால், நல்ல எண் உள்ளே உயிரோடு இருக்கும். அதே எண் அடுத்த லேபிளிலும் இருக்கலாம். ஆகவே ரோல் முடிந்ததும் நல்லது எத்தனை, வாய்ட் எத்தனை என்று எண்ணி எழுதிவிட்டு, வாய்டுகளை வெட்டிப்போட வேண்டும். ஓரத்தில் வெட்டினால் பிரயோஜனமில்லை. கோடுகள் போனாலும் வளையமும் சிப்பும் பக்கத்தில் வரும் ரீடருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். கத்தரி அந்தக் கரும்புள்ளியின் மேலேயே விழ வேண்டும்.