தார்ச்சாலைக்கு அடித்தளமாகும் உள்ளூர் மண்

ஊருக்கு வரும் தார்ச்சாலையில் பள்ளம் விழுந்தால், "தார் சரியில்லை" என்கிறோம். பெரும்பாலும் பழுது தொடங்குவது அதன் அடியில் உள்ள மண்ணில்தான். வாழைத்தார் ஏற்றிய லாரியின் பளுவை முடிவில் தாங்குவது மண்ணே. வள்ளியூர் வட்டாரத்தில் சாலை போடும்போது உங்கள் நிலத்து மண்ணைக் கேட்டு வரக்கூடும். எந்த மண்ணைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

சாலையின் அடுக்குகள்

கிராமச் சாலையில் மேல்மட்டத்து 30 செ.மீ. மண் நன்கு இறுக்கப்படுகிறது. அதன்மேல் சரளை அடுக்கு, பிறகு ஜல்லி, கடைசியில் தார் வரும். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டமும் உள்ளூர்ப் பொருள்களைப் பயன்படுத்துவதை ஊக்குவிக்கிறது. அருகில் கிடைக்கும் மண் உதவுமானால் வண்டிக்கூலி மிச்சமாகும்.

எந்த மண் ஏற்றது?

மண்ணை இறுக்கி, 4 நாள் நீரில் ஊறவைத்து, அதன் தாங்குதிறனை அளப்பார்கள். உடைத்த ஜல்லிக்கு 100 என்று கொண்டால், அடிமண்ணுக்கு 7 முதல் 9 வரை இருப்பது நல்லது. அதற்கு மேலுள்ள சரளை அடுக்குக்குப் பொதுவாக 20 வேண்டும்.

செம்மண் கலந்த சரளை இதற்கு ஏற்றது. கரிசலும் குளத்துக் கரம்பையும் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். கரிசலின் தாங்குதிறன் 2 அல்லது 3-க்கு இறங்கிவிடுவதுண்டு. கரிசல் தவிர வேறு மண் இல்லாத இடத்தில் 3 முதல் 6 சதம் நீற்றிய சுண்ணாம்பு கலந்து திருத்துவார்கள். கடலோரத் தேரி மணலில் ஒட்டும் தன்மை குறைவு. அதனுடன் களிச்சத்துள்ள மண்ணை அளவோடு சேர்க்க வேண்டும்.

நீங்களே பார்க்கலாம்

ஈரமண்ணை உள்ளங்கையில் 3 மி.மீ. பருமனுள்ள திரியாக உருட்டுங்கள். உடையாமல் நீண்டு பளபளத்தால் அதில் களி மிகுதி. திரியாகாமல் உதிர்ந்தால் மணலோ சரளையோ மிகுதி. இது முதற்குறிப்புதான், முடிவு சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம்.

ஈரமும் இறுக்கமும்

நல்ல மண்ணும் சரியாக இறுகாவிட்டால் பயனில்லை. தளர்வாக 20 செ.மீ. பரப்பி, அளவான ஈரத்தில் ரோலர் ஓட்ட வேண்டும். தூசி பறந்தால் ஈரம் போதாது. சேறாகி அமுங்கினால் மிகுதி.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. பயிர் வளர்க்கும் மேல்மண்ணைச் சாலைக்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள மக்கு, சாலையில் மட்கி அமுங்கும். வயலிலோ அதுவே உங்கள் முதல். 15 செ.மீ. மேல்மண்ணைத் தனியே குவித்து, அடிமண் எடுத்த பின் மீண்டும் பரப்பச் சொல்லுங்கள்.

2. மண் எடுக்க 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

3. சாலையை ஒட்டிக் குழி தோண்டவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே தேங்கும் நீர் அடித்தளத்தை இளக்கும்.

4. பாசன வாய்க்கால் நீரைச் சாலையோரத்தில் கசியவிடாதீர்கள். சாலையைக் குறுக்கே வெட்டிக் குழாய் பதிக்காமல், முன்கூட்டியே பாலம் கேளுங்கள்.

பயிருக்கு உகந்த மண் வயலில் இருக்கட்டும். சரளை சாலைக்குப் போகட்டும். அப்படிச் செய்தால் பிசான அறுவடையின்போது உங்கள் நெல் வண்டி சேற்றில் சிக்காமல் சந்தை போய்ச் சேரும்.