சீஃப் போயாயிற்று, அப்புறம்?

2007 பிப்ரவரி 21 அன்று மிச்சிகன் அணியுடனான கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளையில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பழங்குடித் தலைவர் சின்னமான ‘சீஃப் இல்லினிவெக்’ கடைசி ஆட்டம் ஆடினார். தோலாடையும் முதுகில் வழியும் இறகுக் கிரீடமும் அணிந்த ஒரு மாணவர், இசைக்குழுவின் வாசிப்புக்கு ஏற்பச் சுழன்று, கால்களை விரித்து எம்பிக் குதிப்பார். 1926 முதல் நடந்துவந்த வழக்கம் அது. அதை நிறுத்தியது சரிதான். ஆனால் அந்த இடத்தில் வேறொன்றை வைக்காமல் விட்டதை நிர்வாகத்தின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாதி வேலையோடு கையைக் கழுவிக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது.

சீஃபை ஆதரித்தவர்கள், ‘இது கேலியல்ல, மரியாதை’ என்றார்கள். சீஃபின் பெயரில் இருக்கும் இல்லினி மக்களின் வழித்தோன்றல்களான பியோரியா பழங்குடியினர் இன்று ஒக்லஹோமாவில் இருக்கிறார்கள். 1982இல் சீஃபுக்காக வாங்கிய உடையோ சமவெளிப் பகுதியின் லகோட்டா மக்களுடையது. யாரை மதிக்கிறோம் என்று சொல்கிறோமோ, அவர்களுடைய உடுப்புகூட அதில் இல்லை. ஸ்போகேன் பழங்குடியைச் சேர்ந்த நுண்கலை மாணவி சார்லின் டீட்டர்ஸ் 1989இல் அரங்கின் வாசலில் பதாகையோடு நின்றபோது வசவுதான் கிடைத்தது. மாணவர் வாக்கெடுப்பில் பெரும்பான்மை சீஃப் பக்கம் இருந்ததே என்று கேட்கலாம். இன்னொருவருடைய முன்னோரின் வேடத்தைப் போட்டு ஆடலாமா என்பதை, ஆடுகிறவர்களும் கைதட்டுகிறவர்களும் வாக்குப்போட்டு முடிவுசெய்வது என்ன நியாயம்? ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் செமினோல் பெயரை இன்றும் வைத்திருக்கிறது என்றால், ஃபுளோரிடா செமினோல் பழங்குடி மன்றம் ஒப்புதல் தந்ததுதான் காரணம். பியோரியா மன்றமோ 2000இல் சீஃபை நிறுத்தும்படி தீர்மானமே போட்டது. அப்போதும் பல்கலைக்கழகம் அசையவில்லை. இத்தகைய சின்னங்கள் உள்ள கல்லூரிகள் பருவ இறுதிப் போட்டிகளை நடத்தத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ 2005இல் தடைபோட்ட பிறகுதான் அசைந்தது.

மனம் மாறி எடுத்த முடிவல்ல என்பதால்தான் அதன் பின்கதை இழுத்துக்கொண்டே போனது. சீஃப் ஆடிய இசையை இசைக்குழு தொடர்ந்து வாசித்தது. அந்த இடம் வரும்போது பார்வையாளர்கள் ‘சீஃப்’ என்று கத்தினார்கள். மேளத்தில் அடிக்கும் ‘போர் முழக்கம்’ நிற்க 2017 ஆயிற்று. சீஃப் ஆடி நேரில் பார்த்த மாணவர்கள் எல்லாரும் அதற்குள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே நன்கொடையாளர் ஒருவர் கட்டித்தந்த ஐஸ் ஹாக்கி அரங்கில், சூ பழங்குடியின் பெயர் தாங்கிய ‘ஃபைட்டிங் சூ’ அணிச் சின்னம் ஆயிரக்கணக்கான இடங்களில் பதிக்கப்பட்டது, தரையின் கிரானைட் உட்பட. 2012இல் மாநில மக்களே வாக்களித்துப் பெயரைக் கைவிட வழிவிட்டார்கள். ‘ஃபைட்டிங் ஹாக்ஸ்’ என்ற புதுப்பெயர் வந்தது 2015 கடைசியில். இடைப்பட்ட மூன்றாண்டுகளும் அணிக்குப் பட்டப்பெயரே கிடையாது. பழைய பெயரை விடாமல் பிடித்திருந்தவர்களுக்கு அது வசதியாகவே இருந்தது. ஸ்டான்ஃபோர்டு 1972இல் ‘இண்டியன்ஸ்’ பெயரைக் கைவிட்டது. பிறகு மாணவர்கள் ‘கொள்ளைக்காரப் பிரபுக்கள்’ என்ற பெயருக்கு வாக்களிக்க, நிர்வாகம் முகம் சுளித்து மறுத்துவிட்டது. கடைசியில் இசைக்குழு விளையாட்டாக மேடையேற்றிய ஒரு மரம்தான் ஊரறிந்த சின்னமானது. நிர்வாகம் சும்மா இருந்தாலும் அந்த இடத்துக்கு யாராவது வந்துவிடுவார்கள் என்பதற்கு அந்த மரமே சாட்சி, கொஞ்சம் கிறுக்கான சாட்சி என்றாலும்.

பாசத்தைக் குழு போட்டு உருவாக்க முடியாது என்ற எதிர்வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2019இல் புதுச் சின்னமாக ஒரு நீர்நாயை முன்வைத்தபோது இல்லினாய் மாணவர்களே மயிரிழையில் நிராகரித்தார்கள். மறு ஆண்டு மீன்கொத்திக்குச் சம்மதித்தார்கள். ஆனால் சீஃப் மட்டும் வானத்திலிருந்து குதித்தாரா? 1926இல் பென்சில்வேனியா அணியுடன் ஆடியபோது, இசைக்குழுவின் துணை இயக்குநர் இடைவேளைக்காக யோசித்த வேடிக்கை அது. சாரணர் இயக்கத்தில் பழங்குடி நடனம் பயின்ற ஒரு மாணவர் வேடமிட்டு, வில்லியம் பென் வேடத்தில் வந்தவரோடு சமாதானப் புகைக்குழாய் பகிர்ந்தார். அன்று அதற்கு எந்தப் பாரம்பரியமும் கிடையாது. தொடர்ந்து ஆடவிட்டார்கள், இசை சேர்த்தார்கள், பாசம் பிறகு வந்தது. மீன்கொத்திக்கும் தேவை அந்த மைதானமும் அந்த இசைக்குழுவும்தான். இரண்டும் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன.