பழைய மின்சுற்றுப் பலகைகளைப் பாதுகாப்போம்

பாட்டி காலத்து வெண்கல உருளியை நாம் புளி போட்டுத் துலக்கிப் பத்திரமாக வைக்கிறோம். ஆனால் பழைய கணிப்பொறியின் மின்சுற்றுப் பலகையைக் கண்டால் என்ன செய்கிறோம்? பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். அப்படிப் போகவிருந்த ஐந்து பலகைகளைப் பற்றியும், அவற்றைக் காக்க நாங்கள் கற்ற பாடத்தைப் பற்றியுமே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு எங்கள் அறிவியல் மன்றத்தார் ஆய்வகத்துப் பழைய பீரோவைத் துப்புரவு செய்தபோது அவை கிடைத்தன. அவை ‘பி.பி.சி. மைக்ரோ’ என்னும் கணிப்பொறியின் பலகைகள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏக்கார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் அதை வெளியிட்டது. 1984-இல் நம் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தின் மூலம் அது இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது. அதன் ‘மாடல் பி’யின் நினைவகம் 32 கிலோபைட்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. ஆயினும் அதில்தான் நமக்கு மூத்த அக்காமார் கணிப்பொறிப் பாடம் பயின்றனர்.

நாங்கள் செய்த தவறு

ஒரு சில்லின்மேல் ‘1986’ என்று மையால் எழுதிய சிறு சீட்டு ஒட்டியிருந்தது. அழுக்காக இருக்கிறதே என்று அதை உரித்துவிட்டோம். அடியில் சிறு கண்ணாடிச் சாளரம் தெரிந்தது. அழகாக இருக்கிறதென்று மகிழ்ந்து, பலகையை வெயில் படும் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கோடை விடுமுறைக்குச் சென்றோம்.

திரும்பி வந்ததும் இயற்பியல் ஆசிரியை அதைப் பார்த்து வருந்தினார். அந்தச் சில்லின் பெயர் ‘ஈப்ராம்’. அதில் எழுதிய நிரலை அழிக்க, சாளரத்தின் வழியே புற ஊதாக் கதிரைச் செலுத்துவார்கள். வெயிலிலும் அக்கதிர் உண்டு. நேர் வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரம் இருந்தாலே நிரல் அழியக்கூடும். ஆகவேதான் சாளரத்தைச் சீட்டால் மூடியிருந்தார்கள். பிறகு சோதித்தபோது சில்லில் ஒன்றும் இல்லை. எந்த அக்கா, என்ன நிரல் எழுதி வைத்தாரோ, இனி யாராலும் அறிய முடியாது.

தொடும் முன்

தலை வாரிய சீப்பு காகிதத் துண்டை இழுப்பதை நாம் அறிவோம். அந்த நிலைமின்சாரமே சில்லுகளின் பகைவன். கதவுப் பிடியைத் தொடும்போது ‘சுரீர்’ என்று நாம் உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. ஆனால் சில சில்லுகள் கெடுவதற்குச் சில நூறு வோல்ட்டே போதும். நமக்குத் தெரியாமலே அவற்றைக் கெடுத்துவிடலாம் அல்லவா? எனவே, தரையிணைப்புள்ள உலோகத்தைத் தொட்ட பின்னரே பலகையை எடுக்க வேண்டும். அதையும் ஓரங்களில் மட்டுமே பிடிக்க வேண்டும். நைலான் துப்பட்டா அதன்மேல் உரசலாகாது.

தூசியை வாயால் ஊதக் கூடாது. எச்சிலின் ஈரம் செம்பில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். மென்மையான தூரிகையே போதும். பற்றாசில் ஈயம் கலந்திருப்பதால், வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

பெட்டியில் வைக்கும் முறை

முதலில் நாங்கள் தெர்மோகோல் பெட்டியைத் தேர்ந்தெடுத்தோம். அதுவும் தவறே! தெர்மோகோலும் சாதாரணப் பாலிதீன் பையும் நிலைமின்சாரத்தை உண்டாக்கும். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் நிலைமின் காப்புப் பையே ஏற்றது. ஒரு பைக்கு ஒரு பலகைதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாகங்கள் வளையும். புத்தகங்களைப்போல் நிறுத்தி வைப்பது நன்று. ரப்பர் வளையம் போடலாகாது. அதிலுள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கச் செய்யும். பாச்சை உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

வெப்பம் மிகுந்த பரணும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் தரையும் ஆகா. காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது நலம். அதற்காகப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இடலாம். கடிகாரத்துக்கான மின்கலம் உள்ள பலகையானால், முதலில் அதைப் பெரியவர் உதவியுடன் அகற்ற வேண்டும். நிக்கல்-காட்மியம் மின்கலம் கசிந்தால், அதன் காரம் செம்புத் தடங்களை அரித்துவிடும்.

இயக்கிப் பார்க்கலாமா?

ஆவல் இருக்கும், ஆனால் அவசரம் கூடாது. இக்கணிப்பொறிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியில் காகித மின்தேக்கிகள் உள்ளன. நாளடைவில் அவற்றின் மேலுறை வெடித்து, ஈரம் உட்புகும். மின்சாரம் தந்ததும் புகை கக்கும். தொழில் தெரிந்தவர் அவற்றை மாற்றித் தரும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

முடிவுரை

இன்று எங்கள் ஐந்து பலகைகளுக்கும் எண்ணிட்டு, குறிப்பேட்டில் பதிந்து, புகைப்படமும் எடுத்து வைத்துள்ளோம். மற்ற நான்கு பலகைகளின் சில்லுகளையும் சீட்டை உரிக்காமல் காத்து வருகிறோம். வெறுமையான அந்தச் சில்லையும் நாங்கள் எறியவில்லை. 1986 என்ற சீட்டை அதன்மேல் மீண்டும் ஒட்டி, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறோம். பின்னால் வரும் தங்கையர் அதைப் படித்து, எதையும் உரிக்கும் முன் ஒரு கணம் நின்று கேட்டால், அதுவே எங்களுக்கு மகிழ்ச்சி.

— அறிவியல் மன்றத்தாருக்காக, பத்தாம் வகுப்பு மாணவி