குடாவுக்குள் சுனாமி: பாலு தரும் பாடம்



குடாவுக்குள் உள்ள ஊருக்குக் கடல் பயமில்லை என்பார்கள். காற்றில் எழும் அலைக்கு அது பொருந்தும்; சுனாமிக்குப் பொருந்தாது. சாதாரண அலையில் மேல்நீர்தான் அசையும். சுனாமியில் அடிவரை உள்ள நீர் முழுதும் நகரும். குடா குறுகி ஆழமும் குறையும் இடத்தில் அந்நீர் மேலெழும்பி ஊருக்குள் புகும். வடியும்போது வீட்டையும் படகையும் இழுத்துச் செல்லும்.

இந்தோனேசியாவின் பாலு நகரம் சுமார் 30 கி.மீ. நீளமுள்ள ஒடுங்கிய குடாவின் முனையில் உள்ளது. 2018 செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை மஃரிப் வேளையில் 7.5 அளவில் நிலம் அதிர்ந்தது. குடாவின் கரைகளும் சரிந்து நீருக்குள் விழுந்தன. சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. கடல்மேல் கட்டியிருந்த பள்ளிவாசல் நீரில் சாய்ந்தது. நிலநடுக்கம், சுனாமி, மண்சரிவு எல்லாமாக 4,000க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள்.

2004இல் சுமத்ராவிலிருந்து நம் கரைக்கு அலை வர 2 மணி நேரத்துக்கு மேலானது. பாலுவில் அறிவிப்புக்குக் காத்திருக்கவே நேரமில்லை.

ஆகவே, கரையில் நிற்கும்போது நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ அதுவே அறிவிப்பு. பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு மேட்டுக்கு விரையுங்கள். முதல் அலை வடிந்ததும் திரும்பாதீர்கள்; அடுத்தது பெரிதாக இருக்கலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்போம். அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக.

– செயலாளர்